வண்டிக்குள் புகுந்த காற்று

என் சாமிக்கு,

நீ வாரம் தவறாமல் போன் செய்கிறாய், சந்தோஷம். ஆனால் எடுத்ததும் நீ கேட்கிற முதல் கேள்வி, "பிரேக் எப்படிங்கம்மா இருக்குது?" என்பதுதான். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம். நானும், "கல்லாட்டம் இருக்குது சாமி" என்பேன். அதற்குள் டவர் போய்விடும். வைகாசியில் உனக்குக் கல்யாணம். அதற்குப் பின்னால் உன் போனில் பாதி அந்தப் பெண்ணுக்குப் போய்விடும், அதுதான் முறை. அதனால் இப்போதே ஒரு தடவை, டவர் குறுக்கே வராமல், அந்தப் பிரேக் கதையை உனக்கு முழுதாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கூடவே இருந்தவனுக்கு எதற்குக் கதை என்று கேட்பாய். நீ வண்டிக்கு அடியில் கிடந்தாய். மேலே நின்றவள் நான். மேலேயிருந்து பார்த்தால் தெரிவது வேறு.

உன் அப்பாவின் பைக்கை நான் விற்கச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். ஐப்பசியில் தீபாவளிக்குத் துணி எடுக்க நானும் உன் அப்பாவும் சேந்தமங்கலம் போனோம் இல்லையா? பாதி மலை இறங்கும்போது முன் பிரேக்கும் பிடிக்கவில்லை, பின் பிரேக்கும் பிடிக்கவில்லை. அவர் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்து மண்மேட்டில் வண்டியைச் சாய்த்தார். வண்டியோடு அவர் நின்றுவிட்டார். நான் மட்டும் உண்ணிச்செடிப் புதருக்குள் போய் உட்கார்ந்திருந்தேன், புதுப் புடவை எடுக்கப் போனவள் கட்டியிருந்த புடவையையும் கிழித்துக்கொண்டு. அடி பட்டதா என்று கேட்பார் என்று பார்த்தால், "நல்லவேளை, டேங்க் நசுங்கலை" என்றார் அந்த மனுஷர். அங்கேயே சொல்லிவிட்டேன். இனி நான் இதில் ஏற மாட்டேன், நீங்களும் ஏறக் கூடாது, விற்றுவிட்டுப் பஸ்ஸில் போங்கள் என்று. ஆலத்தூர் நாட்டுக்காரர் ஒருவர் வண்டியை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மிளகு பறிப்பு முடிந்ததும் கொடுப்பதாகப் பேச்சு.

உன் அப்பா சரி என்று தலையாட்டினார். ஆனால் தினமும் சாயங்காலம் அந்த வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கட்டிக் கொடுக்கப் போகிற பெண்ணுக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி. நினைத்த நேரத்தில் மிளகு மூட்டையோடு இறங்கி, நாலு கடையில் விலை கேட்டு, ஐந்தாவது கடையில் வம்பளந்துவிட்டு வருகிற ஆள் அவர். பஸ்ஸுக்குக் காத்து நிற்கச் சொன்னால் மனுஷர் வீட்டு வாசலோடு நின்றுவிடுவார் என்று எனக்குள்ளும் பயம் இருந்தது. வண்டி இருந்தால் ஆளே இல்லாமல் போய்விடுவாரோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டு பயத்துக்கும் நடுவில் நான் தூங்காமல் கிடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. நீ எப்படியோ தெரிந்துகொண்டாய். "விக்காதீங்கம்மா. பறிப்புக்கு லீவு போட்டுட்டு வாரேன். முன்னாடி டிஸ்க் பிரேக் போட்டுத் தாரேன். அப்பவும் உங்களுக்குப் பயமா இருந்தா, நானே ஓட்டிட்டுப் போயி ஆலத்தூர்க்காரர்கிட்ட உட்டுட்டு வாரேன்" என்றாய். கோயம்புத்தூர்த் துணிக்கடையில் பில் போடுகிறவனுக்கு பிரேக் வேலை எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, போனில் வீடியோ பார்த்திருக்கிறேன் என்றாய். வீடியோ பார்த்து நீ பரோட்டா போட்டது என் நினைவுக்கு வந்தது. அந்தப் பரோட்டாவைத் தூக்கிப் போட்டபோது நம் நாய் எழுந்து இடம் மாறிப் படுத்ததும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் சரி என்றேன்.

சேலத்துப் பழைய சாமான் கடையில் அதே வண்டியின் டிஸ்க் மாடல் முன்பக்கத்தை முழுதாக வாங்கி, சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்தாய். ஆட்டை உரித்துக் கொண்டுபோகிறாயா என்று கண்டக்டர் கேட்டாராம். சக்கரத்தையும் அதோடு சுற்றுகிற டிஸ்க் தட்டையும் மாட்டுவது ஒரு பகலில் முடிந்துவிட்டது. உன் அப்பா கட்டிலில் உட்கார்ந்து, இந்தப் போல்ட் அந்தப் பக்கம், அந்த நட்டு இந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்ன எதையும் நீ செய்யவில்லை, செய்யவில்லை என்று காட்டிக்கொள்ளவும் இல்லை. "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே உன் வழியில் மாட்டினாய். அப்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, பையன் தேறிவிட்டானோ என்று.

சங்கடமெல்லாம் ஆயில் ஊற்றினபின்தான் வந்தது. கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன டப்பாவில் ஊற்றுகிற பிரேக் ஆயில், குழாய் வழியே சக்கரம் வரைக்கும் போய் நிற்க வேண்டும், நடுவில் ஒரு பொட்டுக் காற்று இருந்தாலும் பிடி பஞ்சுபோல அமுங்கும், பிரேக் பிடிக்காது என்று எனக்குப் பாடம் நடத்தினாய். காற்றை வெளியே எடுக்க இரண்டு ஆள் வேண்டும். மேலே ஒருத்தர் பிடியை அமுக்கிப் பிடிக்க வேண்டும், கீழே ஒருத்தர் சக்கரத்துப் பக்கம் இருக்கிற திருகைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்கு முன்னால் மேலே இருக்கிறவர் கையை விட்டால் போன காற்று திரும்பி உள்ளே வந்துவிடும். குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் ஒன்றை அந்தத் திருகில் மாட்டி, இன்னொரு நுனியை ஒரு பாட்டிலுக்குள் விட்டாய். வண்டி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதுபோல இருந்தது. மேல் வேலைக்கு என்னைக் கூப்பிட்டாய். உன் அப்பாவைக் கூப்பிட்டால் அமுக்குவதற்குப் பதிலாக யோசனை சொல்வார் என்று உனக்குத் தெரியும்.

காலையில் தொடங்கினது மத்தியானம் வரைக்கும் ஓடியது. நீ கீழேயிருந்து, "புடிங்க" என்பாய், நான் பிடிப்பேன். நீ திறப்பாய், குமிழ் குமிழாய்க் காற்று வரும், எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அடுத்த தடவையும் அதே குமிழ். அதற்கடுத்த தடவையும் அதே. நம் மலைக் காற்று முழுதும் அந்தக் குழாய்க்குள்தான் இருக்கிறதோ என்று நினைத்தேன். டப்பாவிலிருந்து சிந்தின ஆயிலை நான் கவனிக்காமல் விட, டேங்கின் பெயின்ட் வெந்த தக்காளித் தோல் மாதிரி உரிந்து வந்தது. உன் அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டு, திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார். நீ ஸ்பேனரைத் தூக்கி மரவள்ளிக் காட்டுக்குள் எறிந்தாய். பிறகு நீயே போய்க் குனிந்து குனிந்து தேடினாய். தேடி எடுத்துக்கொண்டு வந்தபோது உன் முகத்தில் கோபம் இல்லை, மண்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு அக்கா என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தாள். நான் வாய் தவறி, வண்டிக்குள்ளே காத்து புகுந்துவிட்டது, போக மாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டேன். அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அந்த வளைவுல உழுந்தீங்கல்ல, அப்பவே நெனச்சேன். பூசாரியக் கூப்புட்டு வேப்பல அடிக்கச் சொல்லு கண்ணு" என்றாள். நீ வண்டிக்கு அடியிலேயே படுத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாய். "வேப்பலையும் வேணுங்க, எட்டாம் நம்பர் ஸ்பேனரும் வேணுங்க பெரியம்மா" என்றாய். அந்தச் சிரிப்பில்தான் உனக்கு விஷயம் பிடிபட்டது என்று நினைக்கிறேன். எழுந்து உட்கார்ந்து, "அம்மா, நான் உடாதீங்கன்னு சொல்றப்ப உங்களுக்கு என்னன்னு கேக்குது?" என்று கேட்டாய். உடுங்க என்று கேட்கிறது, விடுகிறேன் என்றேன்.

உன் தலை சக்கரத்துக்குப் பின்னால், என் காது பாதி உள்ளே அடுப்பில் கொதிக்கிற உலைச் சத்தத்தில். நீ "உடாதீங்க" என்று கத்தினதெல்லாம் எனக்கு "உடுங்க" என்று வந்து சேர்ந்தது. விடாதே என்று சொல்லும்போதெல்லாம் விட்டிருக்கிறேன். வேறு பையனாக இருந்தால் அந்த ஸ்பேனரை இந்தத் தடவை என் பக்கம் எறிந்திருப்பான். நீ தலையைச் சொறிந்துவிட்டு, தப்பு சொல்லுடையது என்றாய். அந்தச் சொல்லையே தூக்கிப் போட்டாய். பிடித்ததும் நான் "புடிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். திருகை மூடினதும் நீ "பூட்டியாச்சு" என்று சொல்ல வேண்டும். பூட்டியாச்சு என்று காதில் விழுகிற வரைக்கும் மலையே சரிந்தாலும் நான் கையை எடுக்கக் கூடாது. காபி ஆறுவதற்குள் பிடி கல்லாகிவிட்டது.

உனக்குக் கல்யாண அறிவுரை என்று எதையாவது எழுத வேண்டும் என்றால் இந்த ஒன்றைத்தான் எழுதுவேன். வரப்போகிறவள் கீழே சேந்தமங்கலத்துப் பெண். அவர்கள் வீட்டில் "பரவால்ல" என்றால் வேண்டும் என்று அர்த்தமா, வேண்டாம் என்று அர்த்தமா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள். காது கேட்கவில்லை, புத்தி இல்லை என்று ஒருத்தரை ஒருத்தர் சொல்வதற்கு முன்னால், சொல்லை மாற்றிப் பார். என் கல்யாணம் ஆன புதிதில் உன் அப்பா "வாரேன்" என்றால் உடனே வருவார் என்று நினைத்துச் சோற்றைப் போட்டு வைப்பேன். அவருடைய "வாரேன்" என்பதற்குக் கிளம்புவதைப் பற்றி இனிமேல்தான் யோசிக்க வேண்டும் என்று அர்த்தம். அது புரிவதற்குள் நிறையச் சோறு ஆறிப்போய்விட்டது.

இங்கேயே கதை முடிந்திருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் உன் அப்பா தனியாக மலை இறங்கிப் போனவர், சாயங்காலம் முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். பாதி வழியில் பிடி மெத்தென்று கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது, பின் பிரேக் தனியாகத் தாங்கவில்லை, செருப்பைத் தேய்த்து நிறுத்தினேன் என்றார். நீ ஓடிப்போய் அமுக்கிப் பார்த்தாய். கல்லாட்டம் இருந்தது. மறுபடியும் டியூபைப் போட்டு, நான் புடிச்சாச்சு என்று சொல்ல, நீ பூட்டியாச்சு என்று சொல்ல, ஒரு குமிழ்கூட வரவில்லை. அடுத்த நாள் நீயே அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் இறங்கி ஏறி வந்தாய். ஒரு குறையும் இல்லை. அதற்கடுத்த நாள் அவர் போனார். மறுபடியும் மெத்து. உன் கையில் கல், அவர் கையில் பஞ்சு. சின்னப்பொண்ணு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். உன் அப்பா, வீடியோ பார்த்துச் செய்த வேலை இப்படித்தான் இருக்கும் என்று மாட்டிடம் சொல்கிற மாதிரி உனக்குக் கேட்கச் சொன்னார். உன் காது சிவந்ததை நான் பார்த்தேன். லீவு முடிய இருந்தது. ஆலத்தூர்க்காரருக்குச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று நானும் சொல்லிவிட்டேன்.

அப்போது நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாய். "யாராச்சும் அப்பா பின்னாடி உக்காந்து பாத்தாத்தான் தெரியும். நான் உக்காந்தா பரீட்சை எழுதற மாதிரி ஓட்டுவாரு. நீங்க உக்காருவீங்களாம்மா?" ஏற மாட்டேன் என்று புதருக்குள் உட்கார்ந்து சபதம் போட்டவளிடம் போய் இதைக் கேட்கிறாயே என்று எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. ஆனால் நீ வற்புறுத்தவில்லை. மெதுவாகப் போகச் சொல்கிறேன், நானும் பக்கத்து வீட்டு வண்டியில் பின்னாலேயே வருகிறேன், வேண்டாம் என்றால் வண்டியை இப்போதே ஆலத்தூரில் விட்டுவிட்டு வருகிறேன் என்றாய். ஏறினேன். உன் பிரேக்கை நம்பி இல்லை, உன் காது இன்னும் சிவப்பாக இருந்ததால்.

பாதி வழியில் பிடி அமுங்கிவிட்டது. உன் அப்பா பழகின கை என்பதால் மண்மேட்டோடு உரசி நிறுத்தினார். இந்தத் தடவை நான் புதருக்குப் போகவில்லை, அவரை இறுக்கிப் பிடித்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் நீ வந்து சேர்ந்தாய். எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தாய். மேலேயிருந்து இங்கே வருகிற வரைக்கும் அவர் என்னென்ன செய்தார், ஒன்று விடாமல் சொல்லச் சொன்னாய். நான் சொன்னேன். வெற்றிலை போட்டார், உன் வேலையைக் குறை சொன்னார், என் எடையைக் குறை சொன்னார், ஒவ்வொரு வளைவிலும் ஓய் ஓய் என்று கத்தினார்.

"எதுக்குக் கத்துனாரு? ஹாரன் என்னாச்சு?"

"சாவிய அமத்திட்டா ஹாரன் எப்படிச் சாமி அடிக்கும்?"

நீ அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாய். இதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை பார். நம் மலையில் யார்தான் இஞ்சினை ஓடவிட்டு இறங்குகிறார்கள்? மேலேயே சாவியை அணைத்து, நியூட்ரலில் போட்டுவிட்டால் காரவள்ளி வரைக்கும் சொட்டுப் பெட்ரோல் செலவில்லை. சின்னதில் நீயும் டேங்கின் மேல் உட்கார்ந்து அப்படித்தான் இறங்கினாய். ஹாரன் அடிக்காது என்பதால் வளைவுக்கு வளைவு கத்துகிற வேலை அப்போது உன்னுடையது. அரிசி களைந்துதான் உலை வைத்தேன் என்று யாராவது சொல்வார்களா? அதுபோல அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, உனக்கும் தோன்றவில்லை. கோயம்புத்தூரில் இறக்கம் ஏது, உனக்கு அது மறந்தேபோய்விட்டது.

நீ பாட்டிலிலிருந்து விரலால் தண்ணீர் தொட்டு அந்தத் தட்டின் மேல் தெளித்தாய். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சுர்ரென்றது. இஞ்சின் இழுத்துப் பிடிக்காமல் வண்டியின் பாரம் முழுதும் பிரேக்கின் மேலேயே இறங்கினால் தட்டு காய்கிறது, காய்ந்தால் ஆயில் கொதிக்கிறது, கொதித்தால் உள்ளேயே காற்று பிறக்கிறது. வீட்டுக்கு வருவதற்குள் ஆறிப்போய் அந்தக் காற்று காணாமல் போய்விடுகிறது. சமையல் பண்ணுகிறவளுக்கு இது உடனே விளங்கியது. கூடவே இன்னொன்றும் விளங்கியது. ஐப்பசியில் பழைய பிரேக்கோடு இறங்கியபோதும் சாவி அணைந்துதான் இருந்தது. அன்றைக்கும் அவர் ஓய் ஓய் என்றுதான் கத்திக்கொண்டு வந்தார். அந்தப் பழைய பிரேக்கும் காய்ந்துபோய்த்தான் பிடிக்காமல் போயிருக்கும். நான் வாயைத் திறந்தேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். உனக்கும் அதே நினைப்பு வந்துவிட்டது என்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

உன் அப்பா மண்மேட்டோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். இத்தனை வருஷமாக இந்த மலையில் ஓட்டினவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று அவர் பெற்ற பிள்ளை சொல்லப் போகிறான் என்று காத்திருந்தார். நீ அவரிடம் போய்ச் சொன்னதை நான் இன்னும் நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன். "ஏனுங்கப்பா, இந்தப் பிரேக்குக்கு ஒரு துணை வேணும்னு உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன். ரெண்டாவது கியர்லயே உட்டு, சாவிய அமத்தாம இறங்குங்க. பாதி வேலைய இஞ்சின் பாத்துக்கும். ஆக்சிலேட்டரைத் தொடாம இறங்குனா பெட்ரோலும் பெருசா ஆவாது." அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். அப்புறம், "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டார். "தப்புத்தானுங்கப்பா" என்றாய். நீ செய்யாத தப்பு. வேலையும் செய்து, காது சிவக்கப் பேச்சும் கேட்டு, கடைசியில் தப்பையும் நீயே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாய். உண்மையில் எது ஆளைக் காப்பாற்றுமோ அதை மட்டும் கறாராகச் சொன்னாய். எது ஆளைக் குத்தும் என்று தெரிந்ததோ அதை விழுங்கிவிட்டாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இருந்திருந்தால் உண்ணிச்செடிக் கதையை இந்த மலையில் பாதிப் பேருக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

கொதித்த ஆயில் இனி ஆகாது என்று மறுநாள் புது ஆயில் ஊற்றினாய். அன்றைக்கு உன் அப்பாவை மேலே நிற்கச் சொன்னாய். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோயில் மணி அடிக்கிறவர் மாதிரி நின்று "புடிச்சாச்சு" என்றார். "பூட்டியாச்சுங்க" என்றாய். நான் கட்டிலில் உட்கார்ந்து குறை சொன்னேன். எனக்கும் ஒரு ஆசை இருக்காதா.

நீ போனபின் நடந்ததுதான் வேடிக்கை. டீக்கடையில் உட்கார்ந்து உன் அப்பா பிரசங்கம் செய்கிறார். சாவியை அணைத்து இறங்காதே, பிரேக் காயும், உள்ளே காற்று பிறக்கும், ரெண்டாவது கியர்தான் மலைக்கு ஆகும் என்று வருகிறவன் போகிறவனையெல்லாம் பிடித்து வைத்துச் சொல்கிறார். தானே கண்டுபிடித்த மாதிரிதான் பேச்சு. இரண்டு மூன்று பையன்கள் கேட்டு மாறிவிட்டார்கள். என் மகன் கண்டுபிடித்தது என்று சொல்ல எனக்கு நாக்கு நமநமத்தது. போனில் உன்னிடம் அதைச் சொன்னேன். "அவரு கண்டுபுடிச்சதாவே இருக்கட்டும்ங்கம்மா, அப்பத்தான் மறக்க மாட்டாரு" என்றாய். அப்புறம் டவர் போய்விட்டது. நான் ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிரேக்கைச் சரி செய்கிறவர்கள் மலையைச் சுற்றி நிறையப் பேர் இருப்பார்கள் கண்ணு. ஓட்டுகிறவருக்குத் தெரியாமலேயே அவரையும் சரி செய்துவிட்டுப் போகிறவனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அவனைப் பெற்றவள் நான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். சொன்னால் பரோட்டாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும்.

ஆலத்தூர்க்காரரிடம் வண்டி இல்லை என்று நானே சொல்லிவிட்டேன். வைகாசியில் ஊர்ச்சனம் உனக்கு முன்னும் பின்னும் வேனில் வரும். எனக்கும் உன் அப்பாவுக்கும் வேனில் இடம் போடாதே. பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு நான் பின்னால் உட்கார, அவர் ரெண்டாவது கியரில் இறங்குவதாக ஏற்பாடு. சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று கவலைப்படாதே. மண்டபத்துக்கு முன்னால் இஞ்சின் சத்தத்தோடு ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு வண்டி வந்து நின்றால், மாப்பிள்ளை எழுந்து வர வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டுக்கொள்.

உன் அம்மா